அறுவடை நாளை முன்னரே குறிப்போம்

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் ஓரிடத்திற் கூடுவது வழக்கம். குளத்தில் நீர் எவ்வளவு உண்டு, வாய்க்காலை எந்நாளில் திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பை முடிப்பது, எந்நாளோடு நீரை நிறுத்துவது என்பனவெல்லாம் அக்கூட்டத்திலே தீர்மானிக்கப்படும். நீர் குறைவாயின் வயது குறைந்த நெல்லைத் தெரிவர். நீர் நிறைந்திருப்பின் வயது கூடிய நெல்லைத் தெரிவர். ஒரு மணி விதை மண்ணில் விழுமுன்பே அறுவடைக் காலம் குறிக்கப்பட்டு விடுகிறது. எழுத்து வாசனை அறியாத விவசாயியும் இந்த ஒழுங்கை மீறுவதில்லை.

வயலில் நாம் காணும் இந்த முன்யோசனை பாடசாலையில் உண்டா? சாதாரண வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவாறு உண்டு எனலாம். அவர்களுக்கென்று பாடத்திட்டம் இருக்கிறது. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்று மைல்கற்கள் நாட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் கண் பார்வை குன்றியோ, செவிப்புலன் இழந்தோ, அறிவு வளர்ச்சி பின்தங்கியோ, உடலியக்கம் தடைப்பட்டோ நம்மிடம் வந்து சேரும் விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாதையில் அம்மைல்கற்கள் இல்லை. ஆசிரியரே அவற்றை நாட்ட வேண்டும். நாட்டாது விட்டால் என்ன நேரும் என்பதை என் அநுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில் விசேட கல்வி அலகு ஒன்று இருந்தது. அறிவு வளர்ச்சியிற் பின்தங்கிய ஒரு பையன் ஆறு வயதில் அங்கு சேர்ந்தான். நல்ல சுபாவம், எவருக்கும் தொந்தரவு தராதவன். வந்தான், படங்களுக்கு வர்ணம் தீட்டினான், மணிகளைக் கோத்தான், பகலுணவு உண்டான், வீட்டுக்குப் போனான். ஆண்டுதோறும் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று எழுதி வைத்தோம். பதினாறு வயது நிரம்பியது. ஒரு நாள் தகப்பனார் அவனையும் கையிற் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். வயலில் உழைத்து வாழ்பவர். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“சேர், பத்து வருசமா மகன ஒங்கட கையில தந்தன். இனி இவன் என்ன செய்யிற? நான் மௌத்தாப் போனா இவன ஆரு பாக்கிற?”

குற்றஞ்சாட்டும் தொனியில் அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. “அல்லாஹ் பார்ப்பான், காக்கா” என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான். ஆயினும், அதிபர் செய்ய வேண்டியதைச் செய்யாதுவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்ட பதில் அது என்பதை அன்றிரவே என் மனச்சாட்சி எனக்கு உணர்த்தியது. அவன் எங்களோடு கழித்த பத்தாண்டுகளில் ஒரு நாளாவது, இருபது வயதில் இவன் எங்கே இருப்பான், என்ன செய்து கொண்டிருப்பான் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதில்லை. சட்டை போடும்போது பொத்தானைத் தானே பூட்ட அவனுக்குத் தெரியாது. கடைக்குப் போய் ஓர் இறாத்தல் பாண் வாங்கத் தெரியாது. எத்தனையோ நூறு படங்களுக்கு வர்ணம் தீட்ட மட்டும் தெரியும்.

நீண்டகால இலக்கு என்று கல்வியாளர் கூறுவது இந்தத் தகப்பனாரின் கேள்வியை, பிள்ளை பாடசாலையை விட்டு நீங்கும் நாளிலன்றிச் சேரும் நாளிலேயே கேட்பதாகும்.

இது புதிய சிந்தனையன்று. 1800ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்தின் அவேரோன் பகுதிக் காட்டில் மனிதர் வாடையே அறியாது வளர்ந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். பேச்சில்லை; விலங்கு போல் நடந்துகொண்டான். இவன் திருந்தமாட்டான் என்று அறிஞர் பலர் கைவிட்டனர். இத்தார் என்ற இளம் மருத்துவர் கைவிடவில்லை. பாரிசில் இருந்த செவிடர் நிலையத்தில் அவனை ஏற்று, விக்டர் எனப் பெயரிட்டு, அவனுக்காக ஐந்து இலக்குகளை எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மனிதரோடு வாழ்வதில் அவனுக்கு விருப்பம் உண்டாக்குதல், புலன்களைத் தட்டி எழுப்புதல், தேவைகளையும் எண்ணங்களையும் விரிவாக்குதல், பேச்சைக் கற்பித்தல், அறிவைப் பயன்படுத்தப் பழக்குதல் என்பன அவை. ஒரு தனிப் பிள்ளைக்கென்று எழுத்தில் வகுக்கப்பட்ட கல்வி இலக்குகளுள் மிகப் பழையவற்றில் இவற்றையும் சேர்த்து எண்ணலாம்.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உழைத்தும் விக்டர் பேசவில்லை. தாம் தோற்றுவிட்டதாகவே இத்தார் எண்ணினார். ஆனால் அவரது அறிக்கையிலேயே ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. விக்டரைப் பராமரித்த கெரேன் அம்மையாரின் கணவர் காலமானார். உணவு மேசையை ஒழுங்கு செய்வது விக்டரின் வேலை. வழக்கம் போல் இறந்தவருக்கும் ஓர் இடம் வைத்தான். அதைக் கண்டு அம்மையார் அழுதார். அவரது துயரத்துக்குத் தானே காரணமென உணர்ந்த விக்டர் அந்தத் தட்டை எடுத்து அதனிடத்தில் வைத்துவிட்டான். அதன் பின் ஒருபோதும் அதை மேசையில் வைக்கவில்லை. பேச்சு வராத அந்தப் பிள்ளை மற்றொருவரின் துக்கத்தைப் புரிந்துகொண்டான். ஒரு வீட்டில் ஒருவனாக வாழக் கற்றுக்கொண்டான். 1828ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த அம்மையாரின் பராமரிப்பிலேயே இருந்தான்.

இதிலிருந்து நாம் கற்கத்தக்க பாடங்கள் இரண்டு. இலக்கில்லாது கற்பிக்கப் புகுதல் ஆகாது என்பது ஒன்று. ஒரே இலக்கை மட்டும் உற்று நோக்கிக் கொண்டு, பக்கத்தில் முளைத்திருக்கும் பயிரைக் காணாது விடுதலும் ஆகாது என்பது மற்றொன்று. இத்தாரின் மாணவர் செகேன். அவ்விருவரின் நூல்களையும் ஆழ்ந்து கற்றவர் மரியா மொந்தசோரி. இன்று நம் ஊர்களிலும் பாலர் வகுப்புகளில் வழங்கும் அவரது முறையின் வேர், கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்ட பயிற்சியில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

நம் நாட்டிலும் இப்பணிக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் முயற்சியால் செவிப்புலன் இழந்தோர்க்கும் கண்பார்வை இழந்தோர்க்குமான பாடசாலை தோன்றியது. இரத்மலானையில் அது வேரூன்றியது. 1956ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை அமைந்தது. பிற்காலத்தில் சாதாரண பாடசாலைகளிலேயே விசேட கல்வி அலகுகள் அமைக்கப்பட்டன. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரிற் கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள், இயன்றவரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாடசாலையில் சேர்த்துக் கற்பிப்பதே நெறி எனப் பிரகடனம் செய்தனர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாக எவரையும் பாடசாலை அநுமதியிலோ வேலைவாய்ப்பிலோ பாகுபடுத்தலாகாது என விதித்தது. 2016ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது.

ஆகவே, கதவு திறந்திருக்கிறது. கதவு திறந்த பின் உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன செய்வது என்பதே இன்றைய வினா. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், விசேட தேவையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுத்திலான கல்வித் திட்டம் ஒன்று இருத்தல் வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி முன்னேறி, பிள்ளையின் பதினாறு வயதுக்குப் பிந்தாமல் பாடசாலைக்குப் பிந்திய வாழ்வுக்கும் திட்டம் வகுக்க வேண்டுமென்றது. சட்டம் கட்டாயப்படுத்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தனியாள் கல்வித் திட்டம் எழுதுவதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். அவற்றோடு ஒரு மணி நேரப் பொறுமையும் வேண்டும்.

அத்திட்டத்தை எவ்வாறு எழுதுவது? வயல் கூட்டத்தில் விவசாயி செய்வது போல முடிவிலிருந்து தொடங்க வேண்டும். பெற்றோரை அழைத்து உட்காரவைத்து நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இருபது வயதில் இப்பிள்ளை எங்கே, யாரோடு வாழ்வான்? தன் உடம்பை எவ்வளவுக்குத் தானே பேணுவான்? எதைச் செய்து தன் பங்குக்கு உழைப்பான்? பள்ளிவாசலிலும் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் ஊரவரோடு எவ்வாறு கலந்திருப்பான்? பெற்றோரிற் பலர் இவ்வினாக்களை முதன்முறை கேட்கும்போது அழுதுவிடுவர். அந்த அழுகைக்கு இடங்கொடுக்க வேண்டும். பிள்ளையின் நோயைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டவர் எவருமில்லை என்பதே அவ்வழுகையின் காரணம்.

அடுத்து, பிள்ளை இன்று எங்கே நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். இயலாதவற்றின் பட்டியல் எளிதில் நிறைந்துவிடும்; இயலுமானவற்றின் பட்டியலை எழுதுவதே கடினம். சில நாட்கள் பக்கத்தில் இருந்து கவனித்தாலன்றி அது கைகூடாது. அதன் பின்னர், இருபது வயது இலக்கிலிருந்து இறங்கி வந்து, மூன்றாண்டுக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று எனப் படிகளைக் கட்ட வேண்டும்.

இலக்கை எழுதும் சொற்களில் எச்சரிக்கை தேவை. “சுத்தமாக இருக்கப் பழகுவான்”, “நன்றாகப் பேசுவான்” என்பன விருப்பங்களாகும், இலக்குகள் ஆகா. அவை நிறைவேறினவா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. “இரண்டாந் தவணை முடிவில், உணவுக்கு முன் ஐந்து தடவைகளில் நான்கு தடவை, எவரும் நினைவூட்டாமல் தானே கை கழுவுவான்” என்பது இலக்கு. எண்ணிப் பார்க்கலாம். நிறைவேறாவிடின், பிழை பிள்ளையில் இல்லை, படி உயரமாகக் கட்டப்பட்டுவிட்டது என்று கண்டு அதனைத் தாழ்த்தலாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவேன். எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று கேட்டால், தொழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முதலிற் கூறுவர். தொழுகைக்கு முன் வுழூச் செய்ய வேண்டும். கைகளைக் கழுவுதல், வாய் கொப்பளித்தல், நாசிக்கு நீர் செலுத்துதல், முகம் கழுவுதல், முழங்கை வரை கைகளைக் கழுவுதல், தலையை நீரால் தடவுதல், கால்களைக் கழுவுதல் என்று அது ஒழுங்காகப் படிப்படியாக அமைந்திருக்கிறது. அறிவு வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைக்கு இவை அனைத்தையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தால் குழம்பிப் போவான். ஆசிரியர் பிள்ளையின் கையைப் பிடித்து முன்னைய படிகள் யாவற்றையும் உடனிருந்து செய்வித்து, கடைசிப் படியாகிய கால் கழுவுதலை மட்டும் அவனிடமே விட்டுவிடுவார். முடித்து வைத்தவன் அவனே. அந்த நிறைவு முகத்தில் தெரியும். அது பழகியதும் தலை தடவுதலும் அவனுடையதாகும். பின்னர் அதற்கு முந்தியது. இவ்வாறு பின்னிருந்து முன்னோக்கிப் போகையில் ஒவ்வொரு நாளும் பிள்ளை வெற்றியோடு முடிக்கிறான். பொத்தான் பூட்டுதலையும் கட்டில் விரித்தலையும் இம்முறையிலேயே கற்பிக்கலாம்.

தொழிலைப் பற்றிய இலக்கும் ஊரின் மண்ணில் ஊன்றியிருத்தல் வேண்டும். நெல் விளையும் நாட்டில் நாற்று மேடையும் வீட்டுத் தோட்டமும் கோழி வளர்ப்பும் இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. நூல் சுற்றுதல் முதல் நெய்தல் வரை பல கைகளுக்கு அங்கே வேலை உண்டு. கடையில் பொருள்களை அடுக்கவும் பொதி செய்யவும் ஆட்கள் தேவை. பதின்மூன்று வயதிலிருந்து வாரத்தில் ஒரு முற்பகல், தெரிந்த ஒருவரின் கடையிலோ தோட்டத்திலோ ஆசிரியரின் துணையோடு பிள்ளை பழகட்டும். இது சம்பளத்துக்கான வேலையன்று. நேரத்துக்கு வருதல், சொன்னதை முடித்தல், முடிந்ததும் வந்து சொல்லுதல் என்ற மூன்றையும் கற்கும் வகுப்பு அது.

தகுதி பெற்றவர்களுக்கு அரசாங்க உத்தியோகமும் எட்டாத ஒன்றன்று. 1988ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கை ஒன்று, அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதத்தை உரிய தகைமையுடைய உடற்குறையுற்றோர்க்கு வழங்குமாறு பணித்தது. சுற்றறிக்கை இருப்பதனால் மட்டும் பிள்ளை தகைமை பெற்றுவிடான். கண்பார்வையற்ற பிள்ளை ஏழு வயதில் பிரெயில் எழுத்தைத் தொடாவிடின், இருபது வயதில் அச்சுற்றறிக்கையால் அவனுக்குப் பயனில்லை. நம் நாட்டில் பார்வையற்றோர் பலர் பட்டம் பெற்று ஆசிரியர்களாகப் பணியாற்றுகின்றனர். உரிய வயதில் எவரோ ஒருவர் அவர்களின் விரல் நுனியில் ஆறு புள்ளிகளை வைத்ததன் அறுவடை அது. செவிப்புலன் இழந்த பிள்ளைக்கும் அவ்வாறே. சைகை மொழியேனும் இளவயதில் கிடைத்தால் அவன் சிந்திப்பான், கேட்பான், வாதாடுவான். அது கிடைக்காது கடைசி வாங்கிற் குந்தியிருந்தால், பதினாறு வயதிலும் தன் பசியையும் கோபத்தையும் தவிர வேறெதையும் சொல்ல அறியான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு இலக்கே வேண்டாம், வீட்டுக்குள் இருந்தாற் போதும் என்று எண்ணுவோர் இன்னும் உளர். மூத்தவளின் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று இளையவளை அறைக்குள் மறைத்து வைத்த குடும்பங்களும் உண்டு. மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது. பருவமடைந்தபின் தன் உடம்பைத் தானே தூய்மையாகப் பேணுவதும், அந்நியர் தொட முற்பட்டால் வேண்டாம் என்று உரக்கச் சொல்வதும், நடந்ததை உம்மாவிடம் வந்து சொல்வதும் அவளது திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டிய இலக்குகள்.

இலக்கு நிர்ணயத்தில் நேரும் தவறுகள் இரண்டு. ஒன்று, பெற்றோரின் ஆசையால் இலக்கு வானத்தில் ஏறிவிடுதல். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது. இவனும் வாசிக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக அரிவரியைத் திணிப்பதால், அவன் கற்றிருக்கக்கூடிய வேறு பத்து விடயங்கள் கைநழுவிப் போகும். மற்றது, ஆசிரியரின் களைப்பால் இலக்கு நிலத்திலேயே கிடந்துவிடுதல். “இவனுக்கு இவ்வளவுதான்” என்ற சொல் இரக்கம் போல ஒலிக்கும்; ஆனால் அது தீர்ப்பு. இரண்டில் எது கொடியது என்று கேட்டால், பின்னையதே என்பேன். உயர்ந்த இலக்கைத் தாழ்த்தலாம். எழுதப்படாத இலக்கை எதுவும் செய்ய முடியாது. ஆகையாற்றான் தவணைக்கொரு முறை பெற்றோரும் ஆசிரியரும் கூடித் திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மழை பொய்த்தால் நீர் விடும் நாளை மாற்றுகிறோமல்லவா? அதனைப் போன்றதே இதுவும். இயலுமாயின் அக்கூட்டத்தில் பிள்ளையும் இருக்கட்டும். தன்னைப் பற்றிய பேச்சில் தனக்கும் ஓர் இடமுண்டு என்று அவன் அறிவதே ஒரு கல்வி.

இஸ்லாமிய வரலாற்றில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்ற நபித்தோழர் கண்பார்வை அற்றவர். அவரைப் பரிதாபத்துக்குரியவராக ஒரு மூலையில் அமர்த்தி வைக்கவில்லை. மதீனா நகரின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. நபிகள் நாயகம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பே சில தடவைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு இயலாததை விட்டு, இயலுமானதைக் கண்டு அதற்கேற்ற பொறுப்பைத் தந்தார்கள். நாம் இன்று தனியாள் கல்வித் திட்டம் என்று புதுப்பெயரிட்டு வழங்குவதன் சாரம் இதுவேயன்றோ?

முன்னர் கூறிய அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனது தகப்பனார் வந்து சென்ற மறு வாரம் நான் அவர்களின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்து மூவருமாகப் பேசினோம். பதினாறு வயதிலாவது தொடங்குவோம் என்று நான்கே நான்கு இலக்குகளை ஒரு கொப்பியில் எழுதினோம். பொத்தான் பூட்டுதல், கடைக்குப் போய் வருதல், கோழிகளுக்கு இரை வைத்து முட்டைகளை எடுத்தல், வாப்பாவோடு ஜும்ஆவுக்குப் போதல். அவற்றில் மூன்று ஒன்றரை ஆண்டில் நிறைவேறின. கடைக்குப் போவான், மிச்சக் காசை எண்ணத் தெரியாது. கடைக்காரர் எண்ணிக் கொடுப்பார். ஊரும் தன் பங்கைச் செய்ய வேண்டுமல்லவா? தகப்பனாரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுமையான விடையில்லை. ஆயினும் அதன் ஒரு பகுதிக்கு அவனே விடை சொல்லத் தொடங்கியிருக்கிறான். ஆறு வயதிலே அந்தக் கொப்பியைத் திறந்திருந்தால் இன்னும் எவ்வளவு சொல்லியிருப்பான் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அவ்வாறான ஒரு பிள்ளை இருக்கக்கூடும். நாளைக் காலையில் அப்பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை அழைத்து வாருங்கள். சேர்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதீர்கள். அங்கேயே நின்று, இருபது வயதில் இவன் என்ன செய்வான் என்று எங்களைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அன்றே உங்களோடு இருந்து எழுதத் தொடங்குவது எங்கள் கடமை.